மாட்டுத் தொழுவத்திற்கு மின் இணைப்பு: விளக்கு எரிந்தால் மட்டும் போதாது

கறவை மாடு வளர்ப்போர் பலரின் தொழுவங்களில் இன்று விளக்கும் மின்விசிறியும் மட்டுமன்றி, தீவனம் நறுக்கும் இயந்திரமும் பால் கறவை இயந்திரமும் இடம் பெற்று வருகின்றன. ஆள் கூலி உயர்ந்துவிட்ட நிலையில் இவை பெரிதும் உதவுகின்றன. ஆனால் தொழுவத்திற்கு மின்சாரம் கொண்டு செல்லும் முறை பல ஊர்களில் இன்னும் மாறவில்லை. வீட்டுத் திண்ணையில் உள்ள பிளக்கிலிருந்து மெல்லிய இரட்டை வயரை இழுத்து, முருங்கை மரத்திலும் மூங்கில் கழியிலும் கட்டி, தொழுவத்து விட்டத்தில் ஒரு பலகையில் முடித்துவிடுகின்றனர். விளக்கு எரிந்தவுடன் வேலை முடிந்தது என்று எண்ணுகின்றனர்.

விளக்கு எரிவது, மின்சாரம் போய்ச் சேர்கிறது என்பதை மட்டுமே காட்டும். அது பாதுகாப்பாகப் போய்ச் சேர்கிறதா, கோளாறு ஏற்பட்டால் தானே நிற்குமா என்பதைக் காட்டாது. மழைக்காலத்தில் ஈரத் தரையில் மாடு மின்சாரம் தாக்கி விழுவதும், அதைக் கண்டு கயிற்றை அவிழ்க்க ஓடிச் செல்லும் வீட்டாரும் அதே மின்சாரத்தில் சிக்கிக் கொள்வதும் இந்தக் கவனக் குறைவினால் நேர்வனவே. ஒழுங்கான இணைப்பிற்கு ஆகும் செலவு, ஒரு கறவைப் பசுவின் விலையோடு ஒப்பிட்டால் பெரிதன்று.

மாடுகளுக்கு ஏன் ஆபத்து அதிகம்?

மனிதன் செருப்பு அணிகிறான். மரப்பலகை மீது நிற்கிறான். மாடோ நான்கு கால்களாலும் ஈரத் தரையில் நிற்கிறது. சாணமும் சிறுநீரும் கலந்த தரை மின்சாரத்தை நன்கு கடத்தும். மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே ஏறத்தாழ 1.5 மீட்டர் இடைவெளி உள்ளது. தரையில் மின் கசிவு இருக்குமானால், இந்த இரு இடங்களுக்கும் இடையே உள்ள மின் அழுத்த வேறுபாடு மாட்டின் உடல் வழியே பாயும். அது செல்லும் வழியில்தான் இதயம் உள்ளது. மனிதனுக்கு இரு கால்களுக்கு இடையே பாயும் மின்சாரம் பெரும்பாலும் இதயத்தைத் தொடாமல் சென்றுவிடும். இதனால்தான் மனிதனுக்குச் சுரீர் என்ற உணர்வோடு போகும் கசிவு, மாட்டின் உயிரையே வாங்கிவிடுகிறது.

உயிர் போகாவிட்டாலும் சிறு கசிவு பால் வரவைப் பாதிக்கக் கூடும். அமெரிக்க வேளாண்மைத் துறை 1991-ஆம் ஆண்டில் இது பற்றித் தனி கையேடு ஒன்றையே வெளியிட்டது. மாட்டின் உடல் மின்தடை, மோசமான நிலையில், சுமார் 500 ஓம் எனக் கணக்கிடுகின்றனர். 2 முதல் 4 மில்லி ஆம்பியர் மின்னோட்டமே மாட்டின் நடத்தையை மாற்றப் போதுமானது. அதாவது தண்ணீர்த் தொட்டிக்கும் தரைக்கும் இடையே 1 அல்லது 2 வோல்ட் இருந்தாலே மாடு உணர்ந்துவிடும். நாம் கை வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இத்தகைய தொழுவத்தில் மாடு உள்ளே வரத் தயங்கும். நின்ற இடத்தில் கால் மாற்றி மாற்றி வைக்கும். வாயை முழுதும் வைத்துக் குடிக்காமல் நாவால் நக்கிக் குடிக்கும். கறவைக் குவளையை உதைத்துத் தள்ளும். மடிநோய், குளம்புப் புண், இயந்திரக் கோளாறு ஆகியவற்றாலும் இவை தோன்றலாம் என்பதால், மருத்துவரைக் காண்பதோடு மின் கசிவையும் அளந்து பார்க்கச் செய்வது நலம்.

முதலில் சுமையைக் கணக்கிடுக

எந்தக் கேபிள் வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்ல முடியாது. தொழுவத்தில் ஓடப் போகும் சாதனங்களும், வீட்டிலிருந்து உள்ள தூரமும் அதை முடிவு செய்கின்றன. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

ஐந்து கறவை மாடுகள் உள்ள ஒரு தொழுவம், வீட்டு மீட்டரிலிருந்து 40 மீட்டர் தொலைவில் உள்ளதாகக் கொள்வோம். விளக்குகள் நான்கு, மின்விசிறிகள் இரண்டு ஆகியவற்றிற்கு ஏறத்தாழ 1 ஆம்பியர். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நறுக்கும் 2 குதிரைத்திறன் ஒற்றை ஃபேஸ் மோட்டாருக்குச் சுமார் 11 ஆம்பியர். 1 குதிரைத்திறன் கறவை இயந்திரத்திற்குச் சுமார் 6 ஆம்பியர். ஆக மொத்தம் 18 ஆம்பியர்.

இந்த மின்னோட்டம் 40 மீட்டர் செம்புக் கேபிளில் செல்லும்போது வழியில் இழக்கப்படும் வோல்டேஜ் வருமாறு:

2.5 சதுர மி.மீ. கேபிளில் சுமார் 13 வோல்ட்.
4 சதுர மி.மீ. கேபிளில் சுமார் 8 வோல்ட்.
6 சதுர மி.மீ. கேபிளில் சுமார் 5 வோல்ட்.

230 வோல்ட்டில் 5 விழுக்காடு, அதாவது 11.5 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருத்தல் கூடாது. எனவே 2.5 ச.மி.மீ. கேபிள் போதாது. 4 ச.மி.மீ. போதும் போலத் தோன்றும். ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒற்றை ஃபேஸ் மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைப் போல் ஐந்து மடங்கு வரை மின்னோட்டம் எடுக்கும். 11 ஆம்பியர் மோட்டார் 55 ஆம்பியர் எடுத்தால், 2.5 ச.மி.மீ. கேபிளில் இழப்பு 40 வோல்ட், 4 ச.மி.மீ. கேபிளில் 24 வோல்ட், 6 ச.மி.மீ. கேபிளில் 16 வோல்ட்.

மாலை வேளையில் வீட்டிலேயே 210 வோல்ட்தான் வருகிறது என்றால், மெல்லிய கேபிளின் முனையில் மோட்டாருக்குக் கிடைப்பது 170 வோல்ட். மோட்டாரின் கிளம்பும் வலு வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 170 வோல்ட்டில் அதன் வலு, 230 வோல்ட்டில் உள்ளதில் பாதியளவே. புல் சிக்கிய நிலையில் மோட்டார் உறுமிக் கொண்டு நிற்கும். சுருள் சூடேறி எரியும். 'மோட்டார் மட்டமானது' என்று பழி வரும். உண்மையில் எரித்தது வயரே ஆகும்.

ஆகவே இத்தகைய தொழுவத்திற்கு 6 ச.மி.மீ. செம்புக் கேபிள் ஏற்றது. செலவைக் குறைக்க விரும்புவோர் 10 ச.மி.மீ. அலுமினியக் கேபிள் போடலாம். இரண்டின் மின்தடையும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அலுமினியத்தையும் செம்பையும் நேரடியாக முறுக்கிச் சேர்த்தல் கூடாது. இணைப்பு அரித்துச் சூடாகும். இதற்கென உள்ள இருஉலோக லக்கு பயன்படுத்த வேண்டும். தூரம் 80 மீட்டரானால் இழப்பும் இரு மடங்காகும் என்பதையும் மனத்தில் கொள்க.

மின்வாரிய அனுமதி

மேற்கண்ட சாதனங்கள் அனைத்தும் ஓடினால் 3 கிலோவாட்டுக்குச் சற்று மேல் சுமை கூடும். வீட்டு இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட சுமை இதைத் தாங்குமா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டறிந்து, தேவையானால் கூடுதல் சுமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பால் விற்பனைக்காகப் பெரிய அளவில் மாடு வளர்ப்போர், எந்தக் கட்டண வகை பொருந்தும் என்பதையும் அங்கேயே தெளிவு செய்து கொள்வது நல்லது. பாசனப் பம்புசெட்டிற்கு வழங்கப்பட்ட இணைப்பிலிருந்து, அலுவலகத்தில் கேட்காமல் தொழுவத்திற்கு வயர் இழுத்தல் கூடாது. வயரிங் வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் மூலம் செய்ய வேண்டும் என்பது சட்டம். இக்கட்டுரையைப் படித்துத் தாமே செய்ய முற்படலாகாது. செய்பவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்ப்பதற்கே இது உதவும்.

கேபிள் செல்லும் வழி

மண்ணுக்குள் புதைக்கும் முறையே சிறந்தது. இதற்கு 1.1 கிலோவோல்ட் தரத்தில், இரும்புக் கம்பிக் கவசம் கொண்ட ஆர்மர்டு கேபிள் தேவை. சாதாரண வயரைப் பிளாஸ்டிக் குழாயில் நுழைத்துப் புதைத்தால் சில ஆண்டுகளில் நீர் புகுந்து கெடும்.

குழியின் ஆழம் 75 செ.மீ., அதாவது இரண்டரை அடி இருத்தல் வேண்டும். அடியில் 8 செ.மீ. மணல் பரப்பி, அதன் மேல் கேபிளை இழுத்துப் பிடிக்காமல் சற்றுத் தளர்வாகக் கிடத்தி, மேலும் 8 செ.மீ. மணல் இட்டு, செங்கல் வரிசை வைத்து மூட வேண்டும். பின்னாளில் தென்னங்கன்று வைக்கக் குழி தோண்டுபவரின் கடப்பாரை முதலில் செங்கல்லில் பட்டு எச்சரிக்கும். டிராக்டர் அல்லது வண்டி செல்லும் இடத்தில் கேபிளைத் தடித்த குழாய்க்குள் செலுத்துக. வழியில் ஒட்டுப் போடாமல் ஒரே நீளமாக வாங்குக. வாய்க்காலையும் எருக்குழியையும் ஒட்டிச் செல்லாதவாறு வழி வகுத்து, அவ்வழியை வீட்டுச் சுவரிலிருந்து அளந்து ஒரு தாளில் வரைந்து வைத்துக் கொள்வது பின்னால் பயன்படும்.

மேலே இழுக்கத்தான் வேண்டும் என்றால், இரு முனையிலும் உறுதியான கம்பம் நட்டு, வயரைத் தாங்க ஜி.ஐ. கம்பி கட்டி, நடுவே முட்டை வடிவப் பீங்கான் காப்பு வைக்க வேண்டும். வண்டிப் பாதையைக் கடக்கும் இடத்தில் 5.8 மீட்டருக்குக் குறையாத உயரம் வேண்டும். வைக்கோல் ஏற்றிய டிரெய்லர் உரசிச் செல்வதைப் பலரும் கண்டிருப்பர். வயரைத் தாங்கும் ஜி.ஐ. கம்பியில் துணி காயப் போடுதலும், கொடிக்கம்பியை அதே கம்பத்தில் கட்டுதலும் உயிருக்கு உலை வைக்கும் செயல்கள். வயரின் உறை தேய்ந்தால் அந்தக் கம்பி முழுவதும் மின்சாரம் ஏறிவிடும்.

எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும்

தொழுவப் பாதுகாப்பில் மிக முக்கியமான பகுதி இது. 'எர்த் போட்டிருக்கிறோம், பயமில்லை' என்று கூறுவோர் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

தொழுவ எர்த்தின் மின்தடை 20 ஓம் என்று கொள்வோம். கோடையில் மண் காய்ந்தால் இது இன்னும் உயரும். கறவை இயந்திர மோட்டாரின் சுருள் பழுதாகி அதன் உடலில் மின்சாரம் ஏறிவிட்டது. எர்த் வழியே பாயும் மின்னோட்டம் 230-ஐ 20-ஆல் வகுத்தால் வரும் 11.5 ஆம்பியர் மட்டுமே. மின்சுற்றில் உள்ள எம்.சி.பி.யோ 25 ஆம்பியருக்கு உரியது. இது அதற்கு ஒரு சாதாரண மோட்டார் ஓடுவது போலத்தான் தெரியும். எம்.சி.பி. விழாது. ஃபியூஸும் போகாது. மோட்டாரின் உடலிலும், அதைத் தொட்டிருக்கும் இரும்புக் குழாயிலும், கட்டுத்தறியிலும் ஏறத்தாழ முழு வோல்டேஜும் நின்று கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில்தான் ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் துண்டிப்பான் தேவைப்படுகிறது. ஃபேஸ் வழியே சென்ற மின்னோட்டம் நியூட்ரல் வழியே முழுதும் திரும்புகிறதா என்பதை இது ஓயாமல் ஒப்பிட்டுக் கொண்டிருக்கும். திரும்பாத அளவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். கசிவு பெரிதானால் இதைவிட விரைவாகத் துண்டிக்கும். எம்.சி.பி. வயரைக் காக்கும், ஆர்.சி.சி.பி. உயிரைக் காக்கும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பது தவறு.

தொழுவத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும், வீட்டு முனையில் கேபிள் தொடங்கும் இடத்தில் சிறிது தாமதித்துத் துண்டிக்கும் 100 மில்லி ஆம்பியர் வகை ஒன்றும் பொருத்துவது நல்ல ஏற்பாடு. ஒன்றுதான் வாங்க இயலும் என்றால், 30 மில்லி ஆம்பியர் கருவியை வீட்டு முனையில் பொருத்தினால் கேபிளுக்கும் சேர்த்துப் பாதுகாப்புக் கிடைக்கும். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருவர் ஒரே நேரத்தில் தொட்டால் ஆர்.சி.சி.பி. உதவாது என்பதையும் மறத்தலாகாது.

எர்த் அமைக்கும் முறை

தொழுவத்திற்குத் தனி எர்த் வேண்டும். 40 மி.மீ. விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள ஜி.ஐ. குழாயைச் சுவரிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி நிலத்தில் நிறுத்தி, சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறி இட்டு மூடுவது வழக்கமான முறை. மேல் முனையில் நீர் ஊற்ற வழி விட்டு, கோடையில் தவறாமல் நீர் ஊற்றுக. உப்பு குழாயை அரிக்கும் என்பதால், ஆண்டுக்கொரு முறை இணைப்பைத் திறந்து பார்த்துத் துரு நீக்க வேண்டும்.

கட்டுத்தறி இரும்புத் தூண்கள், சங்கிலி வளையங்கள், தண்ணீர்க் குழாய், கறவை இயந்திரக் குழாய், தகரக் கூரையின் இரும்புச் சட்டம் ஆகிய அனைத்தையும் ஒரே கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்து எர்த்தில் சேர்க்க வேண்டும். மாடு ஒரே நேரத்தில் தொடக்கூடிய எல்லாப் பொருள்களும் ஒரே மின் அழுத்தத்தில் இருந்தால், அதன் உடல் வழியே மின்சாரம் பாய இடமில்லை. புதிதாகத் தளம் போடுவோர் சிமெண்ட்டுக்குள் கம்பி வலை பதித்து அதையும் இத்துடன் சேர்த்துவிடுவது மேலும் நன்று.

கேபிளின் கவசத்தின் மூலமோ மூன்றாவது கம்பியின் மூலமோ வீட்டு எர்த்தும் தொழுவ எர்த்தும் இணையும்போது, வீட்டில் கிரைண்டரோ ஹீட்டரோ பழுதானால் அதன் கசிவு தொழுவம் வரை வந்து சேரும். ஆகவே வீட்டு மின்சுற்றுகளுக்கும் ஆர்.சி.சி.பி. இருத்தல் கட்டாயம்.

ஒரே ஒரு ஃபேஸ் வயரை மட்டும் இழுத்து, தரையில் ஒரு கம்பியை அடித்து அதையே நியூட்ரலாக வைத்து விளக்கு எரிக்கும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. இது மிகக் கொடிய பழக்கம். எரியும் விளக்கின் மின்னோட்டம் முழுவதும் தொழுவ மண்ணுக்குள் இறங்குகிறது. அந்தக் கம்பியைச் சுற்றியுள்ள ஈர நிலமே ஆபத்தாகிவிடும்.

தொழுவத்தின் உள்ளே

சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, செம்பு இணைப்புகளை அரிக்கும். எனவே சுவிட்சுப் பலகை, மாடு கட்டும் பகுதிக்கு வெளியே, காற்றோட்டமும் மழைச் சாரல் படாத மறைவும் உள்ள சுவரில், ஐந்தடிக்குக் குறையாத உயரத்தில் இருத்தல் வேண்டும். மரப்பலகை ஈரம் உறிஞ்சும். நீர் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியே ஏற்றது. வயர்கள் யாவும் குழாய்க்குள் செல்ல வேண்டும். கொம்பும் நாக்கும் எட்டும் உயரத்தில் எந்த வயரும் தொங்கலாகாது. வைக்கோல் அடுக்கிய இடத்தில் பிளக்கோ ஒட்டுப் போட்ட வயரோ இருத்தல் கூடாது. எலி கடித்த ஓர் இணைப்பு போதும், படப்பு முழுதும் எரிய. தொழுவம் கழுவுமுன் மெயின் சுவிட்சை நிறுத்தும் பழக்கத்தை வீட்டார் அனைவரும் கைக்கொள்ள வேண்டும்.

பன்றிக்கோ மாட்டுக்கோ பயந்து, தொழுவத்து இணைப்பிலிருந்து வேலிக் கம்பிக்கு நேராக மின்சாரம் கொடுப்பது குற்றம். இதில் இறப்பது பெரும்பாலும் பன்றி மட்டுமன்று.

பராமரிப்பும் அவசர உதவியும்

மாதம் ஒரு முறை ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்துக. உடனே விழுந்தால் கருவி நன்றாக உள்ளது. விழாவிட்டால் அன்றே மாற்றுக. இப்பொத்தான் கருவியை மட்டுமே சோதிக்கும். எர்த் நன்றாக உள்ளதா என்பதைச் சொல்லாது. எர்த்தின் மின்தடையை ஆண்டுக்கொரு முறை, மழைக்கு முன் கோடையிலேயே அளக்கச் செய்க.

மழை நாளில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேராக இணைப்போர் உண்டு. அது விழுவது எங்கோ மின்சாரம் கசிகிறது என்பதன் அறிவிப்பு. ஒவ்வொரு சாதனமாகக் கழற்றிப் பார்த்துக் கசியும் இடத்தைக் கண்டு சரி செய்வதே முறை.

மாடு திடீரென விழுந்து துடித்தால், தொடாமல் முதலில் வீட்டு மெயின் சுவிட்சை நிறுத்துக. நிறுத்தும் வரை ஈரத் தரையில் எவரும் கால் வைக்கலாகாது. மனிதர் சிக்கியிருந்தாலும் இதுவே விதி. மின்சாரம் நின்ற பின் மூச்சில்லையெனில் உடனே மார்பை அழுத்தி முதலுதவி செய்து, 108-க்குத் தெரிவிக்க வேண்டும். மின்வாரியக் கம்பி அறுந்து விழுந்திருந்தால் பிரிவு அலுவலகத்திற்கோ 94987 94987 என்ற மின்னகம் எண்ணிற்கோ அறிவிக்கலாம்.

நினைவில் கொள்க

1. தூரமும் சுமையும் அறிந்து கேபிளின் பருமனைத் தேர்வு செய்க.
2. கேபிளை 75 செ.மீ. ஆழத்தில் புதைக்க.
3. எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டையும் பொருத்துக.
4. தொழுவத்திற்குத் தனி எர்த் அமைத்து, எல்லா இரும்புப் பொருள்களையும் அதில் பிணைக்க.
5. மண்ணை ஒருபோதும் நியூட்ரலாகப் பயன்படுத்தாதீர்.
6. மாதந்தோறும் சோதனைப் பொத்தானை அழுத்துக.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், ஒரு நாள் பகலில் தொழுவத்து வயரிங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனோடு முனையிலிருந்து முனை வரை நடந்து பார்ப்பது ஒவ்வொரு கறவை மாட்டுப் பண்ணையாளரும் செய்ய வேண்டிய பணியாகும். இவற்றைக் கடைப்பிடித்தால் மாடுகளையும், விடியற்காலையில் அவற்றின் அருகே அமர்ந்து பால் கறக்கும் குடும்பத்தாரையும் மின் விபத்திலிருந்து காக்கலாம்.